1000 மில்லிகிராம் மெக்னீசியமா, எதில் 1000?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மெக்னீசியம் பற்றி வந்த கட்டுரையில், "தினமும் 1000 மி.கி. மெக்னீசியம் மாத்திரை எடுத்துக்கொண்டால் கெண்டைக்கால் பிடிப்பும் தூக்கமின்மையும் தீரும்" என்று இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். எழுத ஆரம்பித்தால் கூடவே சில விஷயங்களைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1000 மி.கி. என்பது எதன் எடை? அதை வாசகர் மூன்று கடைகளில் மூன்று விதமாக வாங்க முடியும். மெக்னீசியம் ஆக்சைடு 1000 மி.கி. வாங்கினால் அதற்குள் இருக்கும் உண்மையான மெக்னீசியம் சுமார் 600 மி.கி. கிளைசினேட் வாங்கினால் 140. திரியோனேட் வாங்கினால் 80 சொச்சம். எண் ஒன்றேதான். முதலாமவர் மறுநாள் முழுக்கக் கழிவறைக்கு நடப்பார். மூன்றாமவருக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி பாதாமில் இருக்கும் அளவு, பாதாமைவிடப் பல மடங்கு விலையில்.

மெக்னீசியம் மாத்திரையில் தனியாக நிற்காது. ஏதாவது ஓர் அமிலத்தோடோ ஆக்சிஜனோடோ சேர்ந்த உப்பாகத்தான் வரும். சேர்ந்திருக்கும் பொருள் கனமாக இருந்தால் அதற்குள் மெக்னீசியத்தின் பங்கு குறைந்துபோகும். ஆக்சைடில் 60 சதவீதம், ஹைட்ராக்சைடில் 42, நீரில்லாத சிட்ரேட்டில் 16, பைகிளைசினேட்டில் (கடையில் கிளைசினேட் என்பது இதுவே) 14, நீர் சேர்ந்த குளோரைடில் 12, நீர் சேர்ந்த சல்பேட்டில் 10, திரியோனேட்டில் 8, குளுக்கோனேட்டில் 6-க்கும் கீழே. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் போதும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி." என்றிருக்கும். பின்பக்கம் ஊட்டச்சத்துக் கட்டத்தில் பொடி எழுத்தில் "எலிமென்டல் மெக்னீசியம்" (அதாவது உப்பில் உள்ள மெக்னீசியம் மட்டும்) என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியில் உள்ள எண்தான் உங்கள் கணக்கு. அந்த வரியே இல்லாத டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இருந்தாலும் அந்த எண் ஒரு மாத்திரைக்கா, "ஒரு வேளைக்கு 2 மாத்திரை" என்று போட்டு இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் பாருங்கள். ஏமாறும் இடம் பெரும்பாலும் அதுதான்.

பின்பக்கக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்ப்பது நல்லது. "பைகிளைசினேட் 500 மி.கி., அதில் எலிமென்டல் மெக்னீசியம் 100 மி.கி." என்று எழுதியிருந்தால் அது 20 சதவீதம். சுத்தமான பைகிளைசினேட்டில் 14-க்கு மேல் வராது. மிச்சம் எங்கிருந்து வந்தது? மலிவான ஆக்சைடைக் கலந்திருப்பார்கள். "பஃபர்டு" என்ற சொல் எங்கேனும் தென்பட்டால் அதன் பொருள் இதுவே. கலந்ததில் தவறில்லை, ஆனால் கிளைசினேட் விலை வாங்குவது தவறு. இதையே மறுபக்கமாகப் பார்த்தால், கிளைசினேட்டிலிருந்து 200 மி.கி. மெக்னீசியம் தர 1400 மி.கி. தூள் வேண்டும். விழுங்கக்கூடிய பெரிய கேப்ஸ்யூலில்கூட அவ்வளவு தூள் அடங்காது. ஒரே கேப்ஸ்யூலில் 200 தருவதாகச் சொல்லும் "சுத்தமான கிளைசினேட்"டை நம்புவதற்கில்லை.

கட்டுரையின் கட்டத்தில் ஓரிடத்தில் "மாங்கனீசு" என்று அச்சாகியிருந்தது. மெக்னீசியம் வேறு, மாங்கனீசு வேறு. மாங்கனீசு நாளொன்றுக்குச் சில மில்லிகிராம்தான் தேவை. நூற்றுக்கணக்கில் சாப்பிடுகிற பொருள் அல்ல. அச்சுப்பிழைதான், ஆனால் அந்தக் கட்டத்தைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் திருத்தி வெளியிட்ட அளவு: ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மி.கி., பெண்களுக்கு 370. இது சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் சேர்ந்த மொத்தம். மாத்திரையாக மட்டும் எடுப்பதற்கு மேல்வரம்பு 350 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் கறாராக 250 என்கிறது. சாப்பாட்டில் வரும் மெக்னீசியத்துக்கு மேல்வரம்பே கிடையாது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை மிச்சத்தை அது வெளியே தள்ளிவிடும்.

நம் தட்டைப் பார்ப்போம். பட்டை தீட்டிய வெள்ளை அரிசி 300 கிராம் சமைத்துச் சாப்பிட்டால் சுமார் 60 மி.கி. துவரம்பருப்பு 50 கிராமில் இன்னொரு 60. ஒரு வாழைப்பழம் 30. மூன்று வேளையும் சோறு, இட்லி, சாம்பார், ரசம் என்று ஓட்டுகிறவருக்கு இதோடு நின்றுவிடும், பாதித் தேவைகூட ஆகவில்லை. அதே ஆள் ஒரு வேளை 100 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ சாப்பிட்டால் 140 கூடும். 100 கிராம் பசலைக்கீரை 80. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 50. மொத்தம் 420-ஐத் தொட்டுவிட்டது, மாத்திரையே இல்லாமல். எள்ளுப்பொடி ஒரு மேசைக்கரண்டிக்கு 30 தரும். பூசணி விதை 30 கிராமில் 160 வரை உண்டு. மைதாவில் 100 கிராமுக்கு 30 என்றால் முழுக்கோதுமை மாவில் நான்கு மடங்கு. தவிட்டோடும் முளையோடும் போவது இதுதான்.

சமையலிலும் இழக்கிறோம். கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அதோடு மெக்னீசியமும் போகும், சோறு வடித்த கஞ்சியும் அப்படியே. கேழ்வரகிலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். கூழை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைக்கும் வழக்கத்துக்கு இந்தப் பலனும் உண்டு.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 30 மி.கி. மெக்னீசியம் வரை விரும்பத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 100 வரை பரவாயில்லை என்கிறது. கடினமான போர்வெல் தண்ணீரில் 30 என்பது சாதாரணம். இரண்டு லிட்டர் குடித்தால் 60 மி.கி. வந்தது. ஆர்.ஓ. இயந்திரமும் கேன் தண்ணீரும் வந்தபின் அதில் பெரும்பகுதி போயிற்று. அதற்காக உப்புத் தண்ணீருக்குத் திரும்பச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

"பரிசோதனை செய்து பார்த்துவிட்டு எடுங்கள்" என்று கட்டுரை சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பரிசோதனை எவ்வளவு சொல்லும் என்பதையும் சொல்லியிருக்கலாம். உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதி பெரும்பாலும் தசையிலும் மற்ற செல்களிலும். ரத்த சீரத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்து ரத்த அளவை உடம்பு தாங்கிப் பிடிக்கும். ஆகவே அறிக்கையில் குறைவு என்று வந்தால் அது பெரும்பாலும் உண்மைக் குறைவு. சரி என்று வந்தால் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மி.கி. வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். சில அறிக்கைகள் மில்லிமோலில் வரும். அதை 2.43-ஆல் பெருக்கினால் மி.கி. கிடைக்கும். 0.8 என்று பார்த்துப் பதறியவர் பெருக்கிப் பார்த்தால் 1.94, ஒன்றும் குறையில்லை. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், ஏனென்றால் அணுக்களுக்குள் சீரத்தைவிட அதிகம் இருக்கிறது. அறிக்கையின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று குறிப்பு இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு வருவோம். ராத்திரி தூக்கத்தில் நரம்பு இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்கிறவர்களின் அவஸ்தை பெரிது. அதனால்தான் இந்த மாத்திரை இவ்வளவு விற்கிறது. ஆனால் இதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, வயதானவர்களின் பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தர வாய்ப்பில்லை என்றே முடிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு முடிவுகள் முன்னுக்குப் பின் முரண். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுப்பதைச் செலவில்லாமல் முதலில் செய்து பார்க்கலாம். பிடிப்பு தொடர்ந்தால் நீர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சுகரால் வந்த நரம்புக் கோளாறு, ரத்த ஓட்டக் குறைவு ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். தூக்கத்துக்கு ஆதாரம் மெலிது. ரத்த அழுத்தம் இறங்குவது உண்மை, ஆனால் இரண்டு புள்ளி அளவுக்குத்தான், பிரஷர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அல்ல. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதில் மட்டும் சற்று நம்பிக்கை உண்டு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-இல் "பெரும்பாலும் பலன் தரும்" என்ற தட்டில் வைத்தது. அதற்குச் சோதித்த அளவு 600 மி.கி. வரை, மேல்வரம்பைத் தாண்டியது. எனவே மருத்துவர் மேற்பார்வையில்தான்.

யாருக்கு உண்மையிலேயே குறைகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எங்களைப் பொறுத்தவரை சொல்ல வேண்டிய முதல் விஷயமே அதுதான். நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குடல் அறுவை செய்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள் (சர்க்கரையோடு சிறுநீரில் மெக்னீசியமும் போகும்), ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்ளும் புற்றுநோயாளிகள். இவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் வேறொரு கூட்டம்: காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுபவர்கள்.

பான்டோபிரசோல், ஒமேபிரசோல், ரபிபிரசோல் வகை மாத்திரைகள் குடலில் மெக்னீசியம் உள்ளே போகும் வழியைக் குறுக்கிவிடும். 2011 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் குறைவு தெரிந்தது. அதில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை, கேஸ் மாத்திரையை நிறுத்தியபின்தான் ஏறியது. இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டை இரண்டு வருடமாக நீட்டித்துக்கொண்டே போகும் வழக்கம் இங்கே சாதாரணம். அப்படிப்பட்டவர் மெக்னீசியம் மாத்திரை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தக் கேஸ் மாத்திரை இன்னும் எனக்குத் தேவையா?" என்பதுதான். கூடவே ஃபுரோசமைடும் சாப்பிடுகிற முதியவருக்கு இரண்டு பக்கமும் ஓட்டை. பொட்டாசியம் குறைந்து சிரப் கொடுத்தும் ஏறாமல் இருந்தால் மெக்னீசியத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. அது குறைவாக இருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காது. கால்சியமும் அப்படியே இறங்கும். இந்த நிலையில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு, டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகம்.

மருத்துவர் பார்த்து, சரி, எடுங்கள் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த உப்பு? பெரும்பாலானவர்களுக்கு சிட்ரேட் அல்லது கிளைசினேட். மலச்சிக்கலும் இருந்தால் சிட்ரேட், வயிறு சட்டென்று இளகுபவர் என்றால் கிளைசினேட். ஆக்சைடு தண்ணீரில் எளிதில் கரையாது, கரைய வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை போட்டு அமிலத்தை அடக்கியவருக்கு அது இன்னும் குறைவாகத்தான் சேரும். திரியோனேட் மூளைக்கு நேராகப் போகும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எலிமென்டல் கணக்கில் 100 மி.கி.யில் தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் காலையிலும் ஒரு 100 சேர்க்கலாம். மொத்தத்தையும் ஒரே வாயில் போடுவது வீண். சிறிய அளவில் பாதிக்கு மேல் உள்ளே போகும், அளவு கூடக் கூட அந்தப் பங்கு சுருங்கி, மிகப் பெரிய அளவில் பத்தில் ஒரு பங்குதான் சேரும். சேராத மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். போக்கு வந்தால் "உடம்பு பழகிவிடும்" என்று தொடராதீர்கள், முந்தின அளவுக்கு இறங்குங்கள். போக்கு நீடித்தால் ஏற்ற வந்த மெக்னீசியமே அதோடு வெளியேறும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்தும் எதற்காக ஆரம்பித்தீர்களோ அது மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

மற்ற மாத்திரைகளோடு மோதுவது அடுத்த சங்கடம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு, இரவில் மெக்னீசியம் என்று வைத்தால் தொல்லையில்லை. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். சேர்த்து எடுத்தால் இரண்டும் குடலிலேயே ஒட்டிக்கொண்டு மருந்து ரத்தத்துக்கே போகாது, காய்ச்சல் இறங்காமல் "இந்த மருந்து பிடிக்கவில்லை" என்று வேறு மருந்துக்குப் போய்விடுவார்கள். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் என்றால் அந்த ஐந்து நாள் மெக்னீசியத்தை நிறுத்திவைப்பதே சுலபம். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட்டுக்கும், தினமும் போடும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

இனி சிறுநீரகம். உடம்பில் கூடுதலான மெக்னீசியம் வெளியேற அதைவிட்டால் வேறு வழியில்லை. இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே இருப்பவர் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. 60-க்குக் கீழே இருப்பவரும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சுகரும் பிரஷரும் பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவர் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வாங்கக்கூடாது. மறைந்து வரும் மெக்னீசியத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை ஜெல், மலம் இளக இரவில் குடிக்கும் பால் போன்ற திரவம், சில கால்சியம் மாத்திரைகள் எல்லாவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு. 5 மி.லி.யில் 400 மி.கி. ஹைட்ராக்சைடு என்றால் அது சுமார் 165 மி.கி. மெக்னீசியம். மலச்சிக்கலுக்கு ஆக்சைடை ஏராளமாகப் பயன்படுத்தும் ஜப்பானில், முதியவர்களுக்கு அளவு மீறி உயிரிழப்பு வரை போனதால் அரசே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

அளவு மீறினால் எப்படி இருக்கும் என்பதைப் பிரசவ வார்டு செவிலியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்தான் முதல் மருந்து. முதல் தவணையாக நரம்பில் 4 கிராமும் இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதமும் போடுவார்கள். அடுத்த ஊசிக்கு முன் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு எண்ணிக்கை சரியா, மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது இறங்குகிறதா. கால் உதறவில்லை என்றால் ஊசி நிறுத்தப்படும், கால்சியம் குளுக்கோனேட் கையருகே தயாராக இருக்கும். மருத்துவமனையில் இவ்வளவு காவலோடு போடும் பொருளை வீட்டில் காவலே இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குகிறோம். வீட்டில் தெரியும் அறிகுறிகள்: குமட்டல், முகம் சிவந்து சூடாதல், எழுந்தால் தலைசுற்றல், விட்டுப்போகாத மந்தமும் தூக்கமும், தசைத் தளர்ச்சி. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டுரையில் பேதி உப்பைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் குறிப்பும் இருந்தது. அதுவும் மெக்னீசியம் சல்பேட்தான். தேக்கரண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 500 மி.கி. மெக்னீசியம், ஒரே வாயில். பேதிக்குத்தான் அது ஆகும், சத்துக்கு அல்ல. உரக்கடையில் தென்னைக்கும் பருத்திக்கும் மூட்டையாக விற்பதும் அதே சல்பேட், விலை கொஞ்சம் என்று அதை வாங்கிக் குடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். செடிக்கான தரத்தில் தயாரான பொருளில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. கால் ஊறவைக்க வேண்டுமானால் பயன்படுத்துங்கள், வெந்நீரின் இதம் கிடைக்கும். தோல் வழியாக மெக்னீசியம் ஏறும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை, தெளித்துக்கொள்ளும் "மெக்னீசியம் எண்ணெய்"க்கும் அதே பதில்.

குழந்தைகளுக்கான மிட்டாய் வடிவ மாத்திரைகளும் இப்போது வருகின்றன. நான்கு முதல் எட்டு வயதுக்கு மாத்திரை வழி மேல்வரம்பு 110 மி.கி.தான். சாக்லேட் மாதிரி இருப்பதால் டப்பாவோடு காலி செய்துவிடும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்த வார நலவாழ்வுப் பக்கத்தில் "1000 மி.கி." என்ற வரியை "எலிமென்டல் அளவில், மருத்துவர் சொன்னால், 350 மி.கி.க்கு மிகாமல்" என்றும், "மாங்கனீசு" என்பதை "மெக்னீசியம்" என்றும் திருத்தி, பேதி உப்புக் குறிப்பை நீக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநரும் ஓர் உணவியலாளரும்,
கும்பகோணம்.